பாலம் ஏறுகிற வண்டி

சாரம், புதுச்சேரி
14 செப்டம்பர் 2009

தம்பி தணிகாசலத்துக்கு,

பதினான்கு மாதமாக உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை. இப்போது காரியம் வந்த பிறகு முதல் வரியில் நலம் விசாரித்தால் அது உனக்கும் பொய்யாகத் தெரியும், எனக்கும். அதனால் காரியத்தையே எழுதுகிறேன்.

கொளஞ்சி வேலையை விட்டுவிட்டான். ஒன்பது வருடம் என் ஜாம் பாட்டில்களை மூன்று சக்கர வண்டியில் மிதித்து விடுதிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். திருப்பூரில் மகளோடு இருக்கப் போய்விட்டான். ஆட்டோக்காரர்களுக்குக் கண்ணாடி பாட்டிலும் சிமெண்ட் மூட்டையும் ஒன்றுதான். போன வாரம் ஆறு பாட்டில் நாரத்தங்காய் ஜாம் ஆட்டோ சீட்டில் கொட்டியது. கொட்டியவன் அவன், சண்டைக்கு வந்தவனும் அவனே.

ஆகையால் நானே கொண்டுபோவதாகத் தீர்மானித்திருக்கிறேன். வெல்டிங் கடையில் இரண்டு சக்கரப் பின்வண்டி ஒன்று செய்து வாங்கியாயிற்று. சைக்கிளில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. லைசென்ஸ் வேண்டாத சின்ன பேட்டரி வண்டிகள் இரண்டு வருடமாக ஊரில் ஓடுகின்றன. அதில் பழையது ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது என்று எனக்குத் தெரியாது. நீ மில்லில் முப்பது வருடம் மோட்டார் பார்த்தவன்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இளம்பரிதி தை பிறக்கும்வரை பொறுப்பானாம். அதற்குள் என் சரக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூரில் பதினொன்றாம் மாடிக்கு என்னைக் கொண்டுபோய்விடுவான். என்னைக் கேட்காமல் என் மகனுக்கு யார் எழுதிய கடிதத்தால் இந்த யோசனை முளைத்தது என்பது உனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை.

போன் செய்யாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். பதில் எழுது. வரவேண்டாம்.

ரா. செல்வாம்பாள்


ஓசூர்
19 செப்டம்பர் 2009

அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்து சரிதா பயந்துவிட்டாள். "அப்பா, பெரியம்மா லெட்டர். கேஸு கீஸு போட்டுட்டாங்களா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துப் பிரித்தேன். உள்ளே பேட்டரி வண்டி. இரண்டு முறை படித்துவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மூன்றாம் முறை படித்தேன்.

இங்கே மகள் வீட்டில் எனக்கு வேலை என்று எதுவும் இல்லை. மிக்சியைக்கூட நான் தொடக்கூடாது, வாரண்டி போய்விடுமாம். நீங்கள் கேட்டதற்கு எழுதுகிறேன்.

இந்தச் சின்ன வண்டிகள் ஒரு ஆளைச் சுமக்கச் செய்தவை. பின்னால் பாரம் கட்டி இழுப்பது அதன் தலையெழுத்தில் இல்லை. அதனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள், சீட்டைப் பார்க்காதீர்கள். சீட்டுக்கு அடியில் நாலு பேட்டரி இருக்கும். நாலும் ஒரே நாளில் வாங்கியதா என்று கேளுங்கள். வயிறு உப்பியிருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்றாலும் திரும்பிவிடுங்கள். புதுசு இழுக்கும், பழசு படுத்துக்கொள்ளும். வண்டி ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகத்தான் போகும். பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே பின்வண்டியைப் பாரத்தோடு மாட்டி, ஏற்றம் ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். நம் ஊரில் ஏற்றம் என்று எதைச் சொல்ல? அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம்தான். பாதி ஏற்றத்தில் நிறுத்துங்கள். மறுபடி கிளப்புங்கள். கிளம்பினால் வாங்குங்கள். இறங்கியதும் பின்சக்கர நடுவில் கையை வையுங்கள், மோட்டார் அதற்குள்தான் இருக்கிறது. சுடுசோறு மாதிரி இருந்தால் பரவாயில்லை. கையை வைக்க முடியவில்லை என்றால் வேண்டாம். பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். உங்கள் பாரம் எவ்வளவு என்று எழுதுங்கள்.

நான் இளம்பரிதிக்கு எழுதியதைப் பற்றி இப்போது எழுதவில்லை. கூப்பிட்டால் காலையில் பஸ் ஏறி சாயங்காலம் வந்துவிடுவேன். கூப்பிட மாட்டீர்கள் என்று தெரியும், சொல்லி வைத்தேன்.

தணிகாசலம்


சாரம்
1 அக்டோபர் 2009

தம்பிக்கு,

பாரம் கேட்டிருந்தாய். நான்கு பெட்டி, பெட்டிக்குப் பதினேழு கிலோ. பின்வண்டி இருபத்திரண்டு. நான் ஐம்பத்தொன்று. ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றேன். கடைக்காரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மூன்று வண்டிகள் பார்த்தேன். முதலாவது இங்கே சாரத்திலேயே, வக்கீல் குமாஸ்தா ஒருவருடையது. சீட்டைத் தூக்கியதும் பேட்டரி நான்கும் வயிறு உப்பிக் கிடந்தன. "வெயில்ல நின்னதும்மா, மழ வந்தா சரியாயிடும்" என்றார். இவர் கோர்ட்டில் என்ன எழுதுவாரோ என்று எண்ணிக்கொண்டே வந்துவிட்டேன்.

இரண்டாவது தேங்காய்த்திட்டு துறைமுகத்தில். அஞ்சலாட்சி என்று மீன் ஏலம் எடுக்கிற பெண்; நாற்பது வயது இருக்கும். இதே வண்டியில் பின்வண்டி கட்டி ஐஸ் பெட்டி இழுக்கிறாளாம். சின்ன டெம்போ வாங்கப் போவதால் இதைக் கொடுக்கிறாள். வண்டி முழுக்கத் துரு. ஒரு பக்கத்துக் கண்ணாடி இல்லை. நாற்றம், நான் நின்ற இடம்வரை எட்டியது. நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"யாருக்கும்மா வண்டி? புள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

"அய்ய! நீயா ஓட்டப் போற ஆயா?"

"நான் உனக்கு ஆயா இல்லை. பேட்டரி எப்போது மாற்றினாய்?"

"சித்திரையில நாலும் ஒண்ணா மாத்தனேன். பாக்க நல்லா இல்ல, ஆனா இழுக்கும். நாறும், அதையும் சொல்லிட்டேன். அப்பால வந்து சண்ட போடக்கூடாது."

மூன்றாவது கடற்கரைப் பக்கம், பழைய வீடு ஒன்றில். பெரியவர் ஒருவர். பாரீசில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி எழுந்து நின்று நாற்காலி போட்டார். காப்பி, சாஸரோடு வந்தது. வண்டி வெள்ளை நிறம், ஒரு கீறல் இல்லை. அதற்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். நான் கான்வென்டில் படித்தவள் என்று என் பிரெஞ்சைக் கேட்டே கண்டுபிடித்தார். நாற்பது வருடமாக யாரும் என்னோடு அந்த மொழியில் பிழையில்லாமல் பேசியதில்லை.

என் மனம் மூன்றாவதில் இருக்கிறது. உன் எண்ணத்தை எழுது.

ரா. செல்வாம்பாள்


ஓசூர்
6 அக்டோபர் 2009

அண்ணி,

துறைமுகத்து வண்டி. யோசிக்கவே வேண்டாம். இழுத்துப் பழகிய வண்டி அது. நாற்றம் சோப்பு போட்டுக் கழுவினால் போகும். நொந்துபோன பேட்டரியை எந்த சோப்பாலும் கழுவ முடியாது.

பெரியவர் வண்டியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அதில் காப்பி இருக்கிறது, சாஸர் இருக்கிறது, பிரெஞ்சு இருக்கிறது. பேட்டரி இல்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா, இல்லையா?

அதுதான் வேண்டும் என்றால், பாலத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கோபப்படாதீர்கள்.

தணிகாசலம்


சாரம்
15 அக்டோபர் 2009

தம்பிக்கு,

வெள்ளை வண்டியை வாங்கிவிட்டேன்.

சீட்டைத் தூக்கவில்லை. அந்த மனிதர் என்னை உட்காரவைத்து உபசரித்த பிறகு, அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு திற, காட்டு, பாலத்துக்கு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவில் இரண்டு சுற்று ஓட்டினேன். பூனை மாதிரி சத்தமில்லாமல் போயிற்று. ரசீதை என்ன அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார் தெரியுமா? அப்படி எழுதுகிற கை ஏமாற்றாது.

டவுனுக்குள் மூன்று முறை சரக்கு கொண்டுபோனேன். ஒரு பாட்டிலுக்குச் சேதமில்லை. விடுதிச் சமையல்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். இதை இளம்பரிதிக்கும் எழுதியிருக்கிறேன்.

தீபாவளிக்கு சரிதாவின் குழந்தைகளுக்கு நான்கு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதை சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளோடு எனக்குச் சண்டை இல்லை.

ரா. செல்வாம்பாள்


ஓசூர்
21 அக்டோபர் 2009

அண்ணி,

ஜாம் வந்தது. குழந்தைகளுக்கு இரண்டு பாட்டில் போயிற்று. மீதி இரண்டும் என் அலமாரியில், என் வேட்டிகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

வாங்கியாயிற்று, சரி. டவுன் சமதரை, அங்கே எதுவும் ஓடும். தவளக்குப்பம் பக்கத்து விடுதிக்குப் பாலம் தாண்டித்தானே போக வேண்டும்? முதல் தடவை இரண்டு பெட்டியோடு போங்கள். மழை நாளில் போகாதீர்கள். பாதி ஏற்றத்தில் வேகம் குறைந்தால் அங்கேயே இறங்கி நின்றுவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பின்வண்டிக்கு பிரேக் கிடையாது. பின்னால் இழுக்க ஆரம்பித்தால் அது உங்களைக் கேட்காது.

போய்வந்ததும் ஒரு வரி போடுங்கள். ஒரு வரி போதும்.

தணிகாசலம்


சாரம்
5 நவம்பர் 2009

தம்பி,

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பாலத்தில் விழுந்தேன். தூறல் இருந்தது. நான்கு பெட்டியும் ஏற்றியிருந்தேன். நீ இரண்டு என்று எழுதியிருந்தாய். பாதி ஏற்றத்தில் வண்டி முனகியது, பிறகு நின்றது. இறங்குவதற்குள் பின்வண்டி பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் குறுக்கே மடங்கியது. நான் கைப்பிடியை விடவில்லை. விட்டிருக்க வேண்டும். பின்னால் வந்த பஸ்காரர் நல்லவேளையாகத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். முப்பத்தொரு பாட்டில் உடைந்தது. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். நான்கு வாரம் கட்டு. நெற்றியில் மூன்று தையல்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருவன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு புதுசு, ரெண்டு பழசு. எவன் தலையில கட்டனான் இத?" என்றான். நீ எழுதிய அதே வார்த்தை. பெரியவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். நேற்று ஆட்டோவில் போய், கட்டுப்போட்ட கையோடு அவர் வாசலில் நின்று, நல்ல பிரெஞ்சில் பத்து நிமிடம் பேசினேன். பணத்தைக் கொடுத்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காப்பி கொடுத்தார், குடிக்கவில்லை.

உனக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. என் கர்வத்தால் விழுந்தேன் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்ல முடியாது.

இளம்பரிதிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தை வரைகூடக் காத்திருக்க மாட்டான். அடுத்த வண்டியில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போவான். அந்தப் பதினொன்றாம் மாடியில் எனக்கு ஒரு அடுப்புகூட இல்லை, தம்பி. மருமகள் நல்லவள்தான்; நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, "நீங்க ரெஸ்ட் எடுங்கத்தை" என்பாள். எத்தனை நாள் ரெஸ்ட் எடுப்பது?

உன்னிடம் இதைக் கேட்கும் இடத்தில் நான் வந்து நிற்பேன் என்று நினைக்கவில்லை. அவனுக்கு எழுதாதே.

செல்வாம்பாள்


ஓசூர்
9 நவம்பர் 2009

அண்ணி,

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. படித்து முடித்ததும் இளம்பரிதிக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். கை தானாகப் போயிற்று. முழுசாக எழுதி, உறையில் போட்டு, விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிவரை போனேன்.

அங்கே நின்றபோது போன தடவை போட்ட கடிதம் ஞாபகம் வந்தது. அதை ஏன் எழுதினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை, வாசலைத்தான் காட்டினீர்கள். அண்ணன் போய் எட்டு மாதம் இருக்கும். நான் சொல்லாமல் ஒரு நாள் வந்தேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் ஜாம் தீய்ந்து புகை வந்துகொண்டிருந்தது. நீங்கள் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். கண் திறந்திருந்தது. நான் வந்ததும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை. அடுப்பை நான்தான் அணைத்தேன். பிறகு நீங்கள் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, "சாப்பிட்டாயா?" என்று கேட்டீர்கள். அண்ணி, மில்லில் நானூற்று நாற்பது வோல்ட்டில் கை வைத்திருக்கிறேன், அன்றைக்குப் போலப் பயந்ததில்லை. உங்களிடமே கேட்டிருக்க வேண்டும். உங்களைக் கேட்க எனக்குப் பயம். அதனால் பிள்ளைக்கு எழுதினேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுதினேன். அது தப்பு.

அதனால் இப்போது அவனுக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போடவில்லை. ஒட்டின உறையோடு இதில் வைத்து உங்களுக்கே அனுப்புகிறேன். கிழித்து அடுப்பில் போட்டாலும் சரி. நான் இன்னொன்று எழுத மாட்டேன். போனிலும் சொல்ல மாட்டேன். அவன் கேட்டால் மட்டும் பொய் சொல்ல எனக்கு வராது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்து வண்டி இன்னும் இருக்கிறதா?

தணிகாசலம்


சாரம்
14 டிசம்பர் 2009

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை என்று நீ தவித்திருப்பாய். சரிதா இரண்டு முறை போன் செய்தாள். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கட்டு போன வாரம்தான் பிரித்தார்கள். உனக்கு இடது கையால் இன்னொரு முறை எழுத விருப்பமில்லை.

நீ அனுப்பிய உறையைப் பத்து நாள் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். தினமும் பார்த்தேன். பிறகு ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன். "அம்மாவுக்கு லேசான அடி" என்று எழுதியிருக்கிறாய். எலும்பு விரிசல் லேசான அடி அல்ல. "மழையில் வழுக்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். மழை என்ன செய்யும்? நீ சொன்னதைக் கேட்காமல் நான் வாங்கிய வண்டி நின்றது. எனக்காக நீ இரண்டு பொய் சொல்லியிருந்தாய். இரண்டையும் அடித்துவிட்டு, நடந்ததை ஓரத்தில் இடது கையால் எழுதினேன். தீய்ந்த ஜாமைப் பற்றியும் எழுதினேன். அது ஒரே நாள். அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ பார்த்தது உண்மை. இத்தனை நாள் நீ அதைக் கற்பனை செய்ததாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில், "இவ்வளவும் தெரிந்துகொண்டு நீ என்ன முடிவு செய்கிறாயோ அதைப் பேசலாம், ஆனால் என்னோடு பேசு" என்று எழுதி, மறுபடி ஒட்டி, நானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தேன்.

வண்டியைக் கேட்டிருந்தாய். அஞ்சலாட்சிக்கு டெம்போ வர நாளானதால் விற்காமல் வைத்திருந்தாள். என் கட்டைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே சொன்னேன், கேட்டியா?" என்றாள். அவள் அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் பேசாமல் கேட்டுக்கொண்டேன். கை சரியாகும்வரை, ஏலம் முடிந்த பிறகு அவளே என் பெட்டிகளை விடுதி விடுதியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஜாமை தோசைக்குத் தொட்டுக்கொள்கிறாள். மீன் குழம்புக்கும் நன்றாக இருக்கிறதாம். அதை நான் நம்பவில்லை.

சனிக்கிழமை பாலத்துக்குப் போனோம். பாரத்துக்குப் பெட்டி வேண்டாம் என்று அஞ்சலாட்சியே பின்வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் ஓட்டினேன். பாதி ஏற்றத்தில் நிறுத்தினேன். பின்னாலிருந்து, "எம்மா, தள்ளிட்டு என்ன ஆத்துல போட்டுடாத, புள்ளைங்க இருக்குது!" என்று கத்தினாள். மறுபடி கிளப்பினேன். ஒரு உறுமல், பிறகு ஏறிவிட்டது, தம்பி. உச்சியில் அவள் கை தட்டினாள். இறங்கியதும் சக்கர நடுவில் கையை வைத்தேன். சுடுசோறுதான். அவளுக்கும் டெம்போ வந்துவிட்டதால் அன்றைக்கே பணம் கொடுத்து வாங்கிவிட்டேன்.

ஐந்து முறை சோப்பு போட்டேன். வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம் மீன் வாசனை வருகிறது. இனி கிறிஸ்துமஸ் சரக்கு முழுவதும் அதில்தான் போகும்.

இளம்பரிதி நேற்று போன் செய்தான். கடிதம் கிடைத்ததாகச் சொன்னான். அதோடு வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "வாடகைக்கு வீடு பாக்க வந்த பேங்க்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்மா" என்றான். பிறகு, "அந்த வண்டிக்கு ஹாரன் இருக்கா?" என்று கேட்டான்.

இல்லை. அஞ்சலாட்சி வாயாலேயே வழி கேட்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது வராது. நல்ல சத்தமாக ஒன்று பார்த்து வாங்கிக்கொண்டு, நீயே வந்து மாட்டிக்கொடு. காலை பஸ் ஏறினால் சாயங்காலம் வந்துவிடலாம் என்று எழுதியிருந்தாயே. பஸ் நிலையத்தில் நிற்பேன்.

அண்ணி